மஞ்சள் பல்லை மறைக்கப் பத்து கேப் போடலாமா?

இந்த முறை பதில் எழுத எடுத்துக்கொண்ட கடிதம் 26 வயதுப் பெண் ஒருவருடையது. பாலக்கோடு பக்கம் ஒரு கிராமம். வேலை ஓசூரில். தை மாதம் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. சிறு வயதிலிருந்தே மேல் வரிசை முன்பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. பள்ளிக்கூட குரூப் போட்டோவில் தொடங்கி நிச்சயதார்த்தப் படம் வரை எதிலும் பல் தெரியச் சிரித்ததில்லை என்று எழுதியிருக்கிறார். சாம்பல், உப்பு, எலுமிச்சைத் தோல் என்று எல்லாவற்றையும் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார். கறை போகவில்லை, பல் கூச்சம்தான் வந்தது.

இன்னொரு பிரச்சினையும் இருக்கிறது. கீழ் வரிசையில் வலது பக்கக் கடைவாய்ப் பல்லுக்கு ஒன்றரை வருடத்துக்கு முன் ரூட் கெனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது) செய்திருக்கிறார். வலி நின்றுவிட்டது, செலவும் மிச்சமாகட்டும் என்று கேப், அதாவது பல்லை முழுக்க மூடும் உறை, போடாமல் விட்டுவிட்டார். இரண்டு மாதத்துக்கு முன் முறுக்கு கடித்தபோது அந்தப் பல்லின் உள்பக்கம் ஒரு துண்டு உடைந்து கையோடு வந்திருக்கிறது.

அதைக் காட்டப் போன இடத்தில்தான் கல்யாணப் பேச்சு வந்திருக்கிறது. "மேலே பத்துப் பல்லுக்கும் ஜிர்கோனியா (உலோகம் இல்லாத ஒரு வகைப் பீங்கான்) கேப் போட்டுவிடலாம், ஒரே வாரத்தில் முடித்துவிடலாம், நாலு பல்லுக்கு முன்கூட்டியே ரூட் கெனால் செய்துவிட்டால் கூச்சமும் இருக்காது, வாழ்நாள் வாரன்டி" என்று சொல்லியிருக்கிறார்கள். செலவு ஒரு லட்சத்துக்கு மேல். அப்பா நகையை அடகு வைக்கிறேன் என்கிறார். கல்யாணத்துக்குள் இது மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியாமல் முடிய வேண்டும் என்கிறார் அம்மா. "போடலாமா டாக்டர்? எது நல்ல கேப்? என் பல் மாதிரியே என் பிள்ளைக்கும் வருமா?" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் வாயில் கேப் தேவைப்படும் பல் ஒன்று இருக்கிறது. அது அந்த உடைந்த கடைவாய்ப் பல். உங்கள் மனசு முழுக்க இருக்கிற அந்தப் பத்து முன்பற்களுக்கும், நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், கேப் தேவையில்லை. நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்லக் கூடாது என்பதால் "நீங்கள் எழுதியதை வைத்து" என்கிறேன். ஆனால் அனுப்பிய மூன்று படங்களிலும் பல்லின் வடிவம் கெடவில்லை, ஓரம் நொறுங்கவில்லை, குழி விழவில்லை. நிறம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

கேப் என்ன வேலை செய்கிறது?

மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டா போட்டிருப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? மரத்துண்டுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் அந்தப் பட்டாதான் பிடித்து வைத்திருக்கும். ரூட் கெனால் செய்த கடைவாய்ப் பல்லுக்குக் கேப் அந்த வேலையைத்தான் செய்கிறது. ரூட் கெனால் செய்யும்போது பல்லின் கூரையைத் திறந்து உள்ளே போகிறோம். சொத்தை ஏற்கனவே ஒரு பங்கைத் தின்றிருக்கும். மிஞ்சுவது நாலு சுவர். நாம் மென்று கடிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தச் சுவர்களை வெளியே தள்ளும் விசை விழுகிறது. ஒருநாள் ஒரு சுவர் பிளந்துகொள்ளும். உங்களுக்கு நடந்தது அதுதான், முறுக்கின் மேல் குற்றம் இல்லை. ரூட் கெனாலுக்குப் பிறகு கேப் போடாத பற்கள், போட்டவற்றைவிட ஆறு மடங்கு வேகத்தில் இழக்கப்பட்டதாக 2002ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. வலி நின்றதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைப்பது நம் ஊரில் மிகச் சாதாரணம். உங்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது அந்தப் பல்லுக்கு நேராகக் கேப் போட்டுவிடவும் முடியாது. இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, துண்டு உடைந்து இரண்டு மாதம் ஆகிறது. உள்ளே அடைத்த பொருள் வரை எச்சில் இறங்கியிருந்தால், கிருமியும் கூடவே இறங்கியிருக்கும். அப்படியென்றால் ரூட் கெனாலைத் திரும்பச் செய்துவிட்டுத்தான் கேப். எக்ஸ்ரேயும் நேரில் பார்ப்பதும் இதைச் சொல்லிவிடும். இரண்டாவது, ஈறுக்கு மேலே சுற்றிலும் ஒன்றரை முதல் இரண்டு மில்லிமீட்டராவது நல்ல பல் நிற்க வேண்டும். கேப்பின் பிடி அங்கேதான். உடைப்பு ஈறுக்குக் கீழே போயிருந்தால் ஈறைச் சற்று இறக்கி, பல்லை வெளியே தெரியவைத்து, பிறகு போட வேண்டியிருக்கும். இன்னும் ஆழமாகப் பிளந்திருந்தால் அந்தப் பல்லைக் காப்பாற்றவே முடியாமல் போகலாம். அதனால்தான் முன்பல்லை விட்டுவிட்டு முதலில் இதைப் பாருங்கள் என்கிறேன். நிறத்துக்கு அவசரம் இல்லை, இதற்கு இருக்கிறது.

உங்கள் கறை எங்கே இருக்கிறது?

பல்லின் மேலே இருந்தால் தேய்த்தால் போயிருக்கும். அது எனாமலுக்கு, அதாவது பல்லின் கடினமான வெளிப்படலத்துக்கு, உள்ளேயே இருக்கிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கத்து ஆட்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிவிட்டது. நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். அதைத் தாண்டிய ஆழ்துளைக் கிணறுகள் உங்கள் பகுதியில் நிறைய. பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் வயதில், அதாவது முன்பற்களுக்குக் கிட்டத்தட்ட எட்டு வயதுக்குள், அந்தத் தண்ணீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாமல் உருவாகிறது. முளைக்கும்போது சுண்ணாம்புத் திட்டு மாதிரி வெள்ளையாக இருக்கும். அந்த நுண்துளைகளில் பிறகு நிறம் ஏறிப் பழுப்பாகிறது. உங்கள் பகுதிக்குக் காவிரி ஆற்றுநீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது 2013ல். உங்கள் முன்பற்கள் அதற்கு வெகு முன்பே உருவாகி முடிந்துவிட்டன.

ஆகவே நீங்கள் சரியாகப் பல் துலக்காததால் வந்ததில்லை இது. வியாதியும் இல்லை. உங்கள் ஊர்த் தண்ணீர் உங்கள் பல்லில் எழுதிவிட்டுப் போனது. சாம்பலும் உப்பும் போட்டுத் தேய்ப்பதை இன்றோடு நிறுத்துங்கள். கறை எடுபடாது, எனாமல்தான் தேயும். எலுமிச்சை இன்னும் மோசம், அமிலம் எனாமலைக் கரைக்கும். உங்களுக்கு வந்த கூச்சத்துக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

பத்துப் பல்லை ராவினால் என்ன ஆகும்?

கேப் போடுவது என்றால் மேலே ஒரு மூடி மாட்டுவது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். மூடி உட்கார இடம் வேண்டுமே. அதற்காகப் பல்லைச் சுற்றிலும் ராவ வேண்டும். பீங்கான் கேப்புக்கு, எந்தப் பொருள் என்பதைப் பொறுத்து, பக்கத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிமீட்டர், கடிக்கும் ஓரத்தில் இரண்டு வரை. முன்பல்லின் வெளிப்பக்கத்தில் எனாமலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதாவது எனாமல் மொத்தமும் போய், உள்ளே மஞ்சளாக இருக்கும் டென்டின் வெளியே வந்துவிடும். வெளியே தெரியும் பல்லில் மூன்றில் இரண்டு பங்கு வரை பொடியாகிப் போகிறது. ராவி முடித்ததும் நோயாளி கையில் கண்ணாடி கொடுத்தால் சிலர் அழுதுவிடுவார்கள். மேல் வரிசை முழுக்கச் சின்னச் சின்ன முளைக்குச்சிகள் மாதிரி நிற்கும். எனாமல் திரும்ப முளைக்காது. உங்கள் உடம்பிலேயே கடினமான பொருள் அது. ராவிவிட்டால் ராவியதுதான்.

உயிரோடு இருக்கிற பல்லை அவ்வளவு ராவும்போது உள்ளே இருக்கும் நரம்பு சில பற்களில் தாங்காது. உடனேயோ, சில வருடம் கழித்தோ ரூட் கெனால் தேவைப்படும். "கூச்சம் வராமல் இருக்க முன்கூட்டியே ரூட் கெனால்" என்று உங்களிடம் சொன்னது இதை மனதில் வைத்துத்தான். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. நல்ல பல்லின் நரம்பை, நிறத்துக்காக எடுப்பது வைத்தியம் ஆகாது. பல் ரொம்பவும் திரும்பியோ நீட்டிக்கொண்டோ இருந்து, நரம்புக்குள் போகாமல் ராவவே முடியாது என்றால் விவாதிக்கலாம். உங்கள் படங்களில் பல் வரிசை நேராக இருக்கிறது.

அடுத்து, "வாழ்நாள் வாரன்டி". இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். வாரன்டி அட்டையைக் கொடுப்பது கேப்பின் பொருளுக்கு. பொருள் உடைந்தால் வேறு செய்து தருவார்கள், அவ்வளவுதான். கேப்புக்குச் சொத்தை வராது என்பது உண்மை. ஆனால் அது முடியும் விளிம்பில் இருப்பது உங்கள் சொந்தப் பல். சொத்தை அங்கே வரும், ஈறு இறங்கும், சிமென்ட் கரையும். இதற்கெல்லாம் எந்த அட்டையிலும் வாரன்டி இல்லை. நன்றாகப் போட்டு நன்றாகப் பராமரித்த கேப் பத்து, பதினைந்து வருடம் வரும், சிலருக்கு இருபதைத் தாண்டியும் வந்திருக்கிறது. உங்களுக்கு இப்போது 26. அப்படியென்றால் நாற்பதில் ஒருமுறை, ஐம்பத்தைந்தில் ஒருமுறை, எழுபதில் ஒருமுறை என்று பத்துப் பல்லையும் மாற்ற வேண்டும். ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கிற பல் கொஞ்சம் குறையும். அறுபது வயதுக்காரர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் இவ்வளவு கறாராக இருந்திருக்காது.

அப்படியானால் நிறத்துக்கு என்னதான் வழி?

நிறைய இருக்கிறது. அவற்றை வரிசையாக முயல வேண்டும், பல்லை அதிகம் தொடாததிலிருந்து ஆரம்பித்து.

முதல் படி ப்ளீச்சிங். வாயின் அளவுக்குச் செய்த மெல்லிய ட்ரேயில் கார்பமைட் பெராக்சைடு ஜெல் வைத்து, இரவில் மாட்டிக்கொண்டு தூங்குவது. சாதாரணமாக 10 சதவீத ஜெல் போதும். இரண்டு முதல் நாலு வாரத்தில் பழுப்பு வெளுக்கும். ஆரம்ப நாட்களில் வெள்ளைத் திட்டுகள் இன்னும் வெள்ளையாகத் தெரிந்து பயமுறுத்தும். மீதிப் பல்லும் வெளுத்து அதோடு சேரும்வரை பொறுத்திருங்கள். உங்களுக்கு ஏற்கனவே கூச்சம் இருப்பதால் முதலில் அதற்கு மருந்து வைத்துச் சரிசெய்த பிறகுதான் இதைத் தொடங்க வேண்டும். கர்ப்பமாக இருக்கும்போது ப்ளீச்சிங் செய்வதில்லை. அதனால் கல்யாணத்துக்கு முன்பே முடித்துக்கொள்வது உங்களுக்கும் வசதி.

அழுத்தமான பழுப்புக் கறைக்கு மைக்ரோ அப்ரேஷன் என்று ஒன்று உண்டு. அமிலமும் நுரைக்கல் பொடியும் கலந்த பசையை வைத்து, எனாமலின் மேல்தோலில் பத்தில் ஒன்றிரண்டு பங்கு மில்லிமீட்டரை மட்டும் தேய்த்து எடுப்பது. மருத்துவர், ஈறைப் பாதுகாத்துக்கொண்டு, அளவு பார்த்துச் செய்வது அது. வீட்டில் எலுமிச்சை தேய்ப்பதும் அதுவும் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். மிஞ்சுகிற வெள்ளைத் திட்டுக்குள் திரவ ரெசினை (ஒரு வகைப் பிசின்) ஊறவைத்து மறைக்கும் முறையும் வந்திருக்கிறது. அதற்கும் பிடிவாதமாக நிற்கும் ஒன்றிரண்டு பல் இருந்தால் அந்த இடத்தில் மட்டும் காம்போசிட் என்ற பல் நிறப் பூச்சைப் பூசலாம். ஆனால் ப்ளீச்சிங் முடிந்து இரண்டு வாரமாவது விட்டுத்தான் பூச வேண்டும், இல்லாவிட்டால் சரியாக ஒட்டாது.

இவ்வளவும் செய்து திருப்தி இல்லையென்றால் வெனீர். அதுவும் பீங்கான்தான், ஆனால் முன்பக்கம் மட்டும் அரை மில்லிமீட்டர் அளவு எடுத்து ஒட்டும் மெல்லிய தகடு. கேப் அதற்கும் பின்னால் வர வேண்டியது. பல் நொறுங்கிப்போன கடுமையான ஃப்ளோரோசிஸுக்கு (ஃப்ளோரைடால் வரும் இந்தப் பல் பாதிப்புக்கு) நானே கேப் போட்டிருக்கிறேன், அவர்களுக்கு அதனால் வாழ்க்கையே மாறியிருக்கிறது. பெரிய சொத்தை, விபத்தில் உடைந்த பல், ரூட் கெனால் செய்த பல் என்று கேப்பைப்போல் கைகொடுக்கும் சிகிச்சை வேறில்லை என்னும் இடங்கள் நிறைய உண்டு. நான் கேப்புக்கு எதிரி இல்லை, சகோதரி. உங்கள் பத்துப் பல்லும் அந்த நிலையில் இல்லை என்பதுதான் என் வாதம்.

கடைவாய்ப் பல்லுக்கு எந்தக் கேப்?

நீங்கள் கேட்ட கேள்வி, இந்த ஒரு பல்லுக்குப் பொருந்தும். உள்ளே உலோகம், மேலே பீங்கான் என்ற மெட்டல் செராமிக் கேப் 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. விலை குறைவு, நம்பகமானது. குறைகள் என்றால், மேலே இருக்கும் பீங்கான் சில சமயம் சில்லு விடும், ஈறு இறங்கினால் விளிம்பில் கறுப்புக் கோடு தெரியும். கடைவாய்ப் பல்லில் அந்தக் கோடு யார் கண்ணிலும் படாது. கவரிங் தோடு, கவரிங் செயின் போட்டால் தோல் அரிக்கும் என்றால் அதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். அந்த உலோகக் கலவைகள் பலவற்றில் நிக்கல் உண்டு.

முழு ஜிர்கோனியா கேப்பில் உலோகம் இல்லை, சில்லு விடாது, மிக உறுதி. பல்லையும் சற்றுக் குறைவாக ராவினால் போதும். விலை அதிகம். பளபளப்பாக மெருகேற்றாமல் சொரசொரப்பாக விட்டால் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும் என்பது ஒன்றுதான் எச்சரிக்கை. லித்தியம் டைசிலிகேட் என்ற கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் பீங்கானும் இருக்கிறது. அழகு அதில்தான், முன்பல்லுக்கு எனக்குப் பிடித்தது. உங்கள் கடைவாய்க்கு அவ்வளவு தேவையில்லை. கையில் பணம் இருந்தால் ஜிர்கோனியா, இல்லையென்றால் மெட்டல் செராமிக். இரண்டில் எது போட்டாலும் தப்பில்லை. இதற்காக நகை அடகுக்குப் போக வேண்டாம். பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கட்டணம் வெளியே கேட்பதைவிடக் குறைவாக இருக்கும், பேராசிரியர் மேற்பார்வையில்தான் செய்வார்கள், நேரம் மட்டும் கூடுதலாகப் பிடிக்கும்.

எந்தப் பொருள் என்பதைவிட விளிம்பு எப்படிப் பொருந்துகிறது என்பதுதான் கேப்பின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஒட்டுவதற்கு முன் வைத்துப் பார்க்கும்போது, எங்கே இடிக்கிறது என்று தெரிய, நீலத்தாளைக் கடிக்கச் சொல்வார்கள். அப்போது "பரவாயில்லை, பழகிடும்" என்று நீங்களாகச் சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். முதலில் இடிக்கிறது என்று தோன்றினால் சொல்லுங்கள். நூல் விட்டால் கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் நடுவே இறுக்கமாக இறங்க வேண்டும். தொளதொளவென்று போனால் தினமும் சாப்பாடு அங்கேதான் சிக்கும். சரிசெய்யச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை, தொந்தரவு இல்லை.

உரிமை என்றதும் இன்னொன்று. உங்கள் எக்ஸ்ரேயின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தப் பல்லுக்கு என்ன சிகிச்சை, எவ்வளவு, வேறு வழி என்ன என்பதை எழுத்தில் கேளுங்கள். அதை எடுத்துக்கொண்டு இன்னொரு பல் மருத்துவரிடம் கருத்துக் கேட்பதில் யாருக்கும் மரியாதைக் குறைவு இல்லை. காசு கொடுத்துப் பெறும் மருத்துவ சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995லேயே சொல்லிவிட்டது. வழக்குப் போடச் சொல்லி இதைச் சொல்லவில்லை. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். முன்பணம் கட்டிவிட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கட்டியிருந்தாலும், பல்லை ராவத் தொடங்கும் வரை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு இடம் இருக்கிறது.

உங்கள் பிள்ளைக்கு வருமா?

உங்கள் பல்லைப் பார்த்து வராது. இது ரத்தத்தில் தொடர்வதில்லை, தண்ணீரில் தொடர்வது. பிள்ளை வளரும் வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் எந்தத் தண்ணீர் என்று பாருங்கள். ஆழ்துளைக் கிணறு மட்டும்தான் என்றால் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொடுங்கள். கொதிக்கவைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆற்றுநீர்க் குழாய் இருந்தால் குடிக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள், ஆர்.ஓ. இயந்திரமும் ஃப்ளோரைடைக் குறைக்கும். குழந்தைக்குப் பற்பசை மூன்று வயது வரை அரிசி அளவு, அதன் பிறகு பட்டாணி அளவு.

மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக் கூடாது என்ற அம்மாவின் கவலை எனக்குப் புரிகிறது. பெண் பார்க்க வந்தவர்கள் என்ன சொல்லிவிட்டுப் போவார்கள் என்ற பயத்தில் எத்தனை வருடம் அவர் உங்கள் பல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாரோ. ஆனால் அவர்கள் உங்களைப் பார்த்துத்தானே சம்மதித்திருக்கிறார்கள். ட்ரேயை மாட்டிக்கொண்டு தூங்குவதில் மறைக்க ஒன்றும் இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் இஷ்டம்.

தைக்கு இன்னும் ஐந்து மாதம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். தாராளமாகப் போதும். இந்த வாரமே கடைவாய்ப் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். ரூட் கெனால் திரும்பத் தேவையோ இல்லையோ, அடுத்த மாதத்துக்குள் அந்தக் கேப் ஏறிவிடும். இடையே தற்காலிகக் கேப் போட்டிருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் மெல்லாதீர்கள், மிட்டாய், சூயிங்கம் வேண்டாம், கழன்றால் அன்றே போய்த் திரும்ப ஒட்டிக்கொள்ளுங்கள். அதே சமயத்தில் கூச்சத்துக்கான மருந்தைத் தொடங்கலாம். அதன் பிறகு ஒரு மாதம் ட்ரே. அது முடிந்ததும், இதேபோல மூன்று படம் பகல் வெளிச்சத்தில் எடுத்து எனக்கு அனுப்புங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மைக்ரோ அப்ரேஷன் தேவையா என்று எழுதுகிறேன்.